வதனிக்கு நான் தெரிவுசெய்த இரசாயனவியல்

புதிதாகப் பாட ஆலோசகர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று பாடசாலையிலிருந்து கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. மோர்னிங்சைட்டில் இருக்கிற, வயதுவந்தவர்கள் படிக்கும் அந்தப் பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் மேசைக்குப் பின்னால் இருந்து எழும்பிய எனக்கு மிஞ்சியது முதுகுவலியும், சனத்தைக் கண்டால் வருகிற ஒரு அலுப்பும்தான். கோயிலில் யாராவது, "சேர், மகளுக்கு நேர்சிங் கிடைக்க என்ன பாடம் எடுக்கவேணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தால், இப்போதெல்லாம் சாமி கும்பிடுகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அதற்காக மட்டும்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாடத்துக்கு முன் எந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும், எந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைக் கணினி சொல்லும். இந்தக் கதைக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஒன்ராறியோவில் நேர்ஸ் ஆவதற்கு இரண்டு வழி இருக்கிறது. நாலு வருடம் பட்டம் படித்து ஆர்.என். ஆகலாம். இரண்டு வருடம் கல்லூரியில் டிப்ளோமா படித்து ஆர்.பி.என். ஆகலாம். எங்கள் சனம் இவர்களைப் பெரிய நேர்ஸ், சின்ன நேர்ஸ் என்று பிரித்து வைத்திருக்கிறது. பெரிய நேர்ஸுக்கு உயிரியலும் இரசாயனவியலும் பல்கலைக்கழகத் தரத்தில் வேண்டும். சின்ன நேர்ஸுக்கு அவையே கல்லூரித் தரத்தில் இருந்தால் போதும். பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பார்த்தால் தெரியும்: முதலாவது யூ, மற்றது சீ.

அந்த ஓர் எழுத்துக்காக எங்கள் ஆட்கள் படுகிற பாடு இருக்கிறதே! தாய் தகப்பனிடம் கல்லூரித் தரப் பாடம் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி முகம் போகும். "உது படிக்க ஏலாத பிள்ளையளுக்கல்லோ மாஸ்ரர்?" என்பார்கள். நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஊரில் பதினொரு வருடம் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். வாயால் எல்லாருக்கும் சமமாக ஆலோசனை சொன்னாலும், உள்ளுக்குள் எனக்கும் யூ தான் படிப்பு, மற்றது பொழுதுபோக்கு.

வதனி என்று பெயரை வைத்துக்கொள்வோம். ஓர் ஓகஸ்ட் மாதம் தன் அண்ணனோடு வந்தார். அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. கலியாணம் கட்டவில்லை. ரூஜ் பக்கத்தில் அண்ணனின் வீட்டில் இருந்தார். பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. வேலை: கிழவர்களைத் தூக்கி இருத்துவது, குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது. ஆறு வருடம் அப்படித் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் பழுதாகிக்கொண்டு வந்தது. தோள் முழுக்க விடுவதற்கு முன் ஆர்.பி.என். ஆகிவிட்டால் மருந்து கொடுக்கிற, காயம் கட்டுகிற வேலைக்கு மாறலாம் என்பது அவர் கணக்கு. இல்லாவிட்டால் வேலையும் இல்லை, அண்ணன் வீட்டில் நிமிர்ந்து நிற்கிற நிலையும் இல்லை. இதையெல்லாம் உங்களுக்கு இப்போது சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு. "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டேன். வடமராட்சி என்றார் அண்ணன். வடமராட்சியில் எவடம் என்று கேட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, கடைசியில் நான் முதல் நியமனம் பெற்ற அதே பள்ளிக்கூடத்தில் அவர் எனக்குப் பிறகு படித்தவர் என்று கண்டுபிடித்து, இரண்டு பேருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கு அன்று தசை ஆடிய ஆட்டத்தில் ஒதுக்கிய நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் போய்விட்டது. வதனி பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தங்கச்சி ஏ.எல். பயோ படிச்சவள் மாஸ்ரர். இடம்பெயர்ந்ததில சோதினை எடுக்கேல்லை. இவளை ஒரு ஆர்.என். ஆக்கிப்போடவேணும். நீங்கள்தான் வழி சொல்லவேணும்" என்றார் அண்ணன்.

"ஏ.எல். பயோ படிச்ச பிள்ளைக்கு என்ன குறை?" என்றேன் நான்.

வதனி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆர்.பி.என்.னுக்கு எது காணும் சேர்?"

"அதுக்கு லேசான பாடமே காணும் பிள்ளை. ஆனால் யூ எடுத்தால் ரெண்டுக்கும் போகலாம்."

"பாத்தியே!" என்று அண்ணன் சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு யூ தர இரசாயனவியலுக்குப் பதினோராம் வகுப்புப் பாடம் முடித்திருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு விலக்குக் கொடுக்க இடம் உண்டு. ஆலோசகர் ஒரு கடிதம் எழுதினால் பாடசாலை அதிபர் பெரும்பாலும் சம்மதிப்பார். அன்று பின்னேரமே நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். இந்த மாணவி தன் நாட்டில் உயர்தர விஞ்ஞானம் கற்றவர், இவருக்குப் பதினோராம் வகுப்பு வீண் என்று எழுதினேன். நல்ல கடிதம். இருபது வருடத்துக்கு முன் தமிழில் படித்தது இன்றைக்கு இங்கிலிஷில் கைகொடுக்குமா என்று ஒரு வரி யோசித்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்காது.

அண்ணனை இதில் வில்லனாக்கிவிடாதீர்கள். தங்கச்சி இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து தாங்கியவர் அவர். வழக்கறிஞரிடம் அலைந்தவர், குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர், முதல் வேலை தேடிக் கொடுத்தவர். தங்கச்சி பெரிய நேர்ஸாக வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது தன் பெருமைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டது அவர். வகுப்பில் இருக்கப்போவது அவருடைய தங்கச்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கி மூன்றாம் கிழமை வதனி ஒரு சந்தேகம் கேட்க வந்தார். மத்தியான இடைவேளை. மூல் கணக்கு. நான் ஒரு கடதாசியை எடுத்துத் தமிழிலே சொல்லிக் கொடுத்தேன். மூல், இலத்திரன், தாக்கம், சமநிலை: இருபத்தைந்து வருடம் என் வாயில் வராத சொற்கள். அவருக்கும் அவை தெரிந்திருந்தன. நான் பாதி சொல்ல அவர் மீதியைச் சொன்னார். எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல? வாங்கிய பட்டம், படிப்பித்த வருடங்கள், எல்லாவற்றையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து படிவம் நிரப்புகிறவனாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். அந்த அரை மணித்தியாலம் நான் திரும்பவும் மாஸ்ரராக இருந்தேன். "ஒவ்வொரு புதன்கிழமையும் வாரும்" என்று நானே சொன்னேன். புதன் அவருக்கு வேலை இல்லாத நாள்.

எட்டுப் புதன்கிழமை வந்தார். என் முன்னால் எல்லாம் சரியாக வந்தது. சோதனைத் தாள் மட்டும் ஐம்பதுக்கு மேல் ஏறவில்லை. காரணத்தை நான் கண்ணால் கண்டேன். இங்கிலிஷ் கேள்வியை ஒருதரம் வாசிப்பார். பிறகு உதடு அசைய இன்னொரு தரம் வாசிப்பார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து, கணக்கைச் செய்து, திரும்ப இங்கிலிஷுக்குக் கொண்டு போவார். ஒரு கேள்விக்குச் செய்யலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் முப்பது கேள்விக்கு அப்படிச் செய்ய ஏலாது. கண்டுகொண்டும் "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புதன்கிழமைகள் போய்விடும் என்ற பயம் எனக்கு.

எங்கள் அலுவலகத்தில் மாணவர் பதிவுகளைப் பார்க்கும் ஒரு பெண் இருந்தார். மன்னார்ப் பக்கம், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பேரைப் போட்டால் வீடு தேடி வந்து சண்டை பிடிப்பார், ஆகையால் விடுகிறேன். இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. ஒரு புதன்கிழமை வதனி போன பிறகு அவர் தன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அண்ணை, நீங்கள் அந்தப் பிள்ளைக்காகப் படிப்பிக்கிறியளோ, உங்களுக்காகப் படிப்பிக்கிறியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. உண்மையைச் சொன்னவரோடு கோபிப்பது எனக்குப் பழைய வியாதி.

நவம்பரில் அரைத்தவணைப் புள்ளி வந்தது. வதனிக்கு நாற்பத்தொன்பது; பாஸுக்கு ஐம்பது வேண்டும். இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். அரைத்தவணைப் புள்ளி வந்து ஐந்து பள்ளிக்கூட நாட்களுக்குள் பாடத்திலிருந்து விலகினால், அந்தப் பாடத்தை எடுத்ததற்கே அடையாளம் இருக்காது. ஆறாம் நாள் விலகினால் புள்ளி பதிவில் நிலைத்துவிடும், பிறகு எந்தக் கல்லூரியும் அதைப் பார்க்கும். அந்த ஐந்தாம் நாள்தான் நம்முடைய தொழிலில் மிகப் பொல்லாத நாள். சனம் அழும், சண்டை பிடிக்கும், கெஞ்சும். பின்னேரம் நாலு மணிக்குப் பதிவு மூடிவிடும்.

வதனி மூன்று இருபதுக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக பஸ் எடுத்து வந்திருக்கிறார். கோட்டுக்குள்ளே வேலைச் சீருடை தெரிந்தது. கையில் விலகல் படிவம். தன் கைப்பட முழுவதும் நிரப்பியிருந்தார். ஆலோசகர் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"சேர், நான் இதை ட்ரொப் பண்ணப்போறன். பெப்ரவரியில சீ கெமிஸ்ட்ரி வகுப்புத் தொடங்குது. பதியிற அக்காவிட்டக் கேட்டனான், ஒரு இடம்தானாம் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு ஆர்.பி.என்.னுக்கு அப்ளை பண்ணுறன்."

எவ்வளவு தெளிவான திட்டம்! அதைவிட நல்ல ஆலோசனையை நான் யாருக்கும் சொன்னதில்லை. பேனையை எடுத்துக் கையெழுத்தைப் போடுவதுதான் என் வேலை. நான் கேட்டேன்:

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியாது. வீட்டை போய்ச் சொல்லுவன்."

"முதல்ல ஒருக்கால் அவருக்கு எடுத்துச் சொல்லும். பிறகு என்னில பிழை எண்டு வரக்கூடாது."

பதினெட்டு வயது தாண்டிய மாணவியின் பாடத்தைப் பற்றி அவரைத் தவிர வேறு யாரோடும் கதைக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். வேலையில் சேர்ந்த முதல் நாளே அதற்குக் கையெழுத்து வைத்தவன் நான். நீங்களும் வைத்திருப்பீர்கள். அந்தச் சட்டம் அன்று எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. ஊர்ப் பெடியன், என்னை மாஸ்ரர் என்று கூப்பிடுகிறவன், அவனுக்குத் தெரியாமல் அவனுடைய தங்கச்சியின் படிப்பில் கைவைப்பதா என்றுதான் எனக்குத் தோன்றியது. முப்பத்தேழு வயதுப் பெண்ணை அண்ணனிடம் அனுமதி வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

வதனி உடனே போகவில்லை. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, வலது கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினார். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முகம் சுருங்கியது.

"இவ்வளவுதான் சேர் எழும்பும். நாலு வருஷப் படிப்புக்கு இந்தக் கை தாங்காது. எனக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு அவருடைய தோளைப் பற்றித் தெரியும். இரண்டு மாதம் என் மேசையில் இருந்து அந்தக் கையால்தான் எழுதினார். நான் எழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. தெரிந்த பிறகாவது கையெழுத்தைப் போட்டிருக்கலாம். "போன் எடுத்துப் பாரும் பிள்ளை, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றேன்.

அண்ணன் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. வதனி நடையில் நின்று திரும்பத் திரும்ப அடித்தார். மூன்று ஐம்பதுக்கு அண்ணன் எடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் வதனி உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார். "உங்களோட கதைக்கவேணுமாம்."

"மாஸ்ரர், இவள் என்னவோ விடப்போறன் எண்டு நிக்கிறாள். எனக்கு உதுகள் விளங்காது. நீங்கள் ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இவள் பாஸ் பண்ணுவாளோ, மாட்டாளோ?"

பின்னால் இயந்திரச் சத்தம். என் முன்னால் வதனி. சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பத்திரண்டு. பதிவுப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை நீர் தங்கச்சியிட்டக் கேளும்" என்று சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. மாட்டா என்று சொன்னால், எட்டுப் புதன்கிழமை நான் படிப்பித்தது ஒன்றுக்கும் உதவவில்லை என்று ஆகும். நான் எழுதிய கடிதம் பிழை என்று ஆகும். ஒரு மூச்சு எடுக்கிற நேரத்துக்குள் இவ்வளவும் ஓடியது.

"பண்ணுவா" என்றேன்.

"அப்ப சரி மாஸ்ரர். படிக்கச் சொல்லுங்கோ" என்று அவர் போனை வைத்தார்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். வதனி மேசையில் இருந்த படிவத்தை எடுத்து நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "சரி சேர்" என்றார். பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு மணிக்குப் பதிவு மூடியது. எனக்கு அந்த நேரம் வந்தது குற்ற உணர்ச்சி அல்ல, ஒரு ஆறுதல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமையே சீ வகுப்பின் கடைசி இடம் போய்விட்டது. வதனி புதன்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார். ஜனவரிக் கடைசியில் முடிவு வந்தது: நாற்பத்திநாலு. விண்ணப்பிக்க இருந்த நாளும் கையை விட்டுப் போனது. ஒரு முழு வருடம் போயிற்று, பதிவில் ஒரு தோல்வியும் ஏறியது.

முடிவு வாங்குவதற்கு அண்ணனும் வந்திருந்தார். நடையில் என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"மாஸ்ரர், நீங்கள் உங்களால ஏலுமானது எல்லாம் செய்தனீங்கள். இவளுக்கு மூளை காணாது. நாங்கள் என்ன செய்யிறது?"

வதனி பக்கத்தில்தான் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூளை காணாதது எனக்குத்தான் தம்பி என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ இரவு படுக்கையில் கிடந்து அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரளமாக வரும். அன்று நடையில் நான் தலையை ஒருமாதிரி ஆட்டினேன். ஆமோதித்த மாதிரித்தான் அது இருந்திருக்கும்.

ஏப்ரலில் ஒரு கிழவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது வதனியின் தோள் விட்டுவிட்டது. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். எனக்கு அதைச் சொன்னவர் பதிவுப் பெண். நான் அவரிடம், "நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்" என்று புலம்பினேன். எல்லாக் கிழவன்மாரும் கடைசியில் சொல்கிற வசனம்.

அவர் வேலையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் அண்ணை, நீங்கள் நல்லவர். அதுதான் கரைச்சல். கூடாதவன் சொன்னால் போடா எண்டுபோட்டுப் போகலாம். நல்லவர் சொன்னால் மறுத்துக் கதைக்க ஏலாது. நீங்கள் அவவின்ர தமையனோட கதைச்சதில கால்வாசி அவவோட கதைச்சிருந்தால் காணும்."

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதம் கொஞ்சம் மாறியது. புத்தி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், பயம் வந்துவிட்டது. கூட வருகிற அண்ணன், மாமா, புருசன், தாய், யாராக இருந்தாலும் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பப் பழகினேன். சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. வரட்டும். படிக்கப்போகிறவரிடம், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முதலில் கேட்டேன். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எங்கே இருந்து படிப்பீர்கள், உடம்பில் என்ன நோவு என்று கேட்டேன். பாடத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். பாதிப் பேருக்கு அதற்குள்ளேயே விடை வந்துவிடும்.

ஊர் கேட்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேட்பீர்கள், அது இரத்தத்தில் ஓடுகிறது. கையெழுத்தை வைத்துப் படிவத்தைக் கொடுத்த பிறகு கேளுங்கள். யாராவது "பாஸ் பண்ணுவாளோ" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்பதை அந்தக் கணமே நினைவில் வையுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த பாடத்தை ஒருவருக்குச் சிபாரிசு செய்யும்போது இரண்டு தரம் யோசியுங்கள். இதையெல்லாம் எழுதுவது லேசு. ஐந்தாம் நாள், நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது செய்வதுதான் கஷ்டம். நீங்களும் பிழை விடுவீர்கள். உங்கள் பிழையின் விலையையும் மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருக்கிறவர்தான் கொடுப்பார்.

வதனி பிறகு என்ன ஆனார் என்று உங்களுக்குக் கவலை இருக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சீ தரத்தில் இரசாயனவியலை எடுத்தார், எண்பத்தாறு புள்ளி. ஒரு வருடம் பிந்தித்தான் கல்லூரிக்குப் போனார். இப்போது ஆர்.பி.என். ஆக வேலை செய்கிறார். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது என்று கேள்வி. அது இனி எழும்பாது. இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

பங்கில்லை என்று நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. தோள் கொஞ்சம் தேறிய பிறகு, அந்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் பதிவு நாளன்று அவர் திரும்ப வந்தார். மண்டபத்தில் ஆலோசகர்களுக்கு இரண்டு மேசை போட்டிருந்தது. ஒன்றில் நான். மற்றதில் கயானாவிலிருந்து வந்த ஒரு பெண், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். பத்து மணிக்கே என்னுடைய வரிசை முடிந்துவிட்டது. அவருடைய வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். கடைசியில் நின்றது வதனி. தனியாக வந்திருந்தார்.

நான் கையைக் காட்டினேன். காணாத மாதிரி நின்றார். எழும்பி நின்று கூப்பிட்டேன். "பிள்ளை, இஞ்சை வாரும். இஞ்சை ஒருத்தரும் இல்லை."

அவர் வரிசையை விட்டு என் மேசையடிக்கு வந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து, மரியாதையாகச் சொன்னார்:

"கோவிக்காதையுங்கோ சேர். நான் அங்கேயே நிக்கிறன். அவவுக்கு என்ர அண்ணனைத் தெரியாது."

திரும்பிப் போனபோது அவர் விட்ட இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். பத்தாவது ஆளாகப் போய் நின்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். நான் வெறும் கதிரைக்கு முன்னால் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.